பத்தாவது தேறாதவளும் மஸ்கட் கடலும்

பெங்களூரில் காலை வேளையில் யாரைக் கடந்து போனாலும் "திண்டி ஆயிதா?" என்று கேட்பார்கள். பலகாரம் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். மத்தியானமானால் அதுவே "ஊட்டா ஆயிதா?" என்று மாறும். கேட்டவர் பதிலுக்காக நிற்க மாட்டார். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் நான் அதை உண்மையான கேள்வி என்று நம்பி, "இன்னும் இல்லைங்க, இனிமேதான் உப்புமா கிளறணும், ரவை வேற பத்தல" என்று விவரமாக ஆரம்பிப்பேன். அதற்குள் கேட்டவர் தெருமுனை திரும்பியிருப்பார். எங்கள் நாட்றம்பள்ளிப் பக்கத்தில் ஒருவரைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டால், இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் தட்டு வைக்க வேண்டும். அதனாலேயே அங்கே பலர் கேட்க மாட்டார்கள். இங்கே எல்லோரும் கேட்கிறார்கள், ஒருவரும் தட்டு வைப்பதில்லை. எது மேல் என்று ஊரில் இருக்கிற நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஸ்ரீராம்புரத்துச் சந்தில் தோசை மாவு அரைத்து விற்கிற நானும் இப்போது அதைத்தான் கேட்கிறேன். மாவு வாங்க வருகிறவளிடமே "திண்டி ஆயிதா?" என்கிறேன். ஆகியிருந்தால் அவள் ஏன் மாவு வாங்க வருகிறாள் என்று யோசிப்பதில்லை.

ஆனால் அந்தக் கேள்வியைக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் என் வாசலில் நின்று கேட்டபோது, நான் மறுபடி அதை உண்மையான கேள்வி என்று நம்பிவிட்டேன். பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் அவர். கக்கத்தில் ஒரு ரெக்சின் பை, முகத்தில் வெயிலில் அலைந்த அலுப்பு. "திண்டி ஆயிதாம்மா?" என்றார். இத்தனை வருடம் கேட்டுப் பழகிய அதே வணக்கம்தான். அந்த நேரத்தில் எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. இந்த மனிதர் எதையோ எதிர்பார்த்துக் கேட்கிறார், புரியாத மாதிரி இருந்துவிட்டால் என் பெயரில் என்ன எழுதிக்கொண்டு போவாரோ என்று பயந்து, அவரை உள்ளே உட்காரவைத்துத் தோசை சுட ஆரம்பித்துவிட்டேன். "பேடம்மா, நந்து ஆயிது" என்று அவர் கெஞ்சினார். வேண்டாம், என்னுடையது ஆயிற்று என்கிறார். நான் விடவில்லை. மனிதர் வேறு வழியில்லாமல் தின்றார், வேர்க்கத் தின்றார், தின்றுகொண்டே "எஷ்டு வர்ஷ ஆயிது இல்லி?" என்று எத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன் என்பதையும் கேட்டு முடித்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது கடைசியாக, "நேட்டிவ் யாவ்து?" என்றார். நாட்றம்பள்ளி என்றேன். "ஓ, தமிள்நாடு" என்று தலையாட்டினார். என் கன்னடத்தை இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போதுதான் ஏதோ உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் பிளம்பர் வேலை செய்கிறவர், தமிழில் பாதியும் கன்னடத்தில் பாதியுமாகத்தான் சிரிப்பார். "போலீஸ்காரன் குட்மார்னிங் சொன்னாகூட நீ ஜாமீன் எடுக்க ஓடுவடி" என்றார்.

"உங்களுக்கென்ன. வேற மாதிரி எழுதிட்டுப் போயிருந்தா?"

"இன்னான்னு எழுதுவான்? தோசை முறுகலா இருக்குதுன்னா?"

சிரிக்கட்டும். பயப்பட இந்த வீட்டில் ஓர் ஆள் வேண்டும், அது எப்போதும் நான்தான். பயப்படக் காரணமும் இருந்தது. என் ஒரே மகள் ரேவதி மஸ்கட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்து வந்துவிடுவது என்று பேசி முடித்திருந்தோம். அதற்குள் ஒருநாள் அவளுக்கு ரத்தம் பட்டுவிட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் ஏறவே கூடாது, படுத்த படுக்கையாக இரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை விடிந்ததும் போனால் இருட்டித்தான் திரும்புவார். "அம்மா, பாத்ரூமுக்கு எழுந்து போகவே பயமா இருக்கும்மா. மறுபடி ரத்தம் வந்துட்டா நான் யாரக் கூப்புடுவேன்?" என்று போனில் கேட்டாள். அவள் பயந்த சுபாவம் இல்லை. நானே எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து, என் மகளுக்குப் பயப்பட மிச்சமே இல்லாமல் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகு, நான் எப்படியாவது அங்கே போயாக வேண்டும், அவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

அந்தக் கான்ஸ்டபிள் வருவதற்கு முன்னால், பாஸ்போர்ட் ஆபீசில் டோக்கன் வாங்கிக் கடைசிக் கவுன்ட்டர் வரைக்கும் போயிருந்தேன். அங்கே இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "டென்த் பாஸா?" என்று தமிழிலேயே கேட்டார். ஒன்பதாவது வரைக்கும்தான் என்றேன். "அப்ப ஈ.சி.ஆர்." என்று ஒரு தட்டுத் தட்டினார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். பத்தாவது தேறாதவர்கள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போது அவர்களை ஏமாற்றிவிடுகிறார்கள். அதனால் சில நாடுகளுக்குப் போகும்போது சரிபார்க்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டிலேயே அச்சடித்துவிடுவார்கள். வளைகுடா நாடுகள் அதில் சேர்த்தி. "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார்.

என் பாதுகாப்புக்கு. ஒன்பதாவது அரைப்பரீட்சை சமயத்தில் எங்கள் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பீடி சுற்றுகிற வீடு. அம்மா சுற்ற முடியாமல் போனால் இன்னொருத்தி சுற்றியாக வேண்டும், நான் உட்கார்ந்தேன். பரீட்சைக்குப் போகவில்லை, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அன்றைக்கு இந்தப் பெண்ணை நாளைக்கு யாராவது ஏமாற்றிவிடுவார்களே என்று எந்தச் சர்க்காரும் வந்து எங்கள் கதவைத் தட்டவில்லை. வாத்தியார்கூட வரவில்லை. பாதுகாப்பு எனக்காக இத்தனை வருடம் எங்கேயோ பதுங்கியிருந்து, நான் முதல்முதலாக ஒரு விமானம் ஏறப் போகும்போது கையும் களவுமாக என்னைப் பிடித்துக்கொண்டது.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. ஐம்பது வயது முடிந்துவிட்டால் அந்த முத்திரை வேண்டியதில்லையாம். எனக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்த நெட் சென்டர்காரர்தான் சொன்னார். அதாவது ஒன்பதாவது படித்தவளுக்கு நாற்பத்தொன்பது வயது வரைக்கும் புத்தி கிடையாது, ஐம்பதாவது பிறந்தநாள் காலையில் எழுந்து பல் துலக்கும்போது வந்துவிடும். எனக்கு நிஜத்தில் ஐம்பது தாண்டிவிட்டது. ஆனால் காகிதத்தில் தாண்டவில்லை. தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை ஏழு வயதுக்கு மேல்தான் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். தலைமையாசிரியர் பிறந்த தேதி கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், நான் பிறந்த வருடம் ஏரி உடைந்தது என்பதுதான். ஏரி உடைந்ததை ரிஜிஸ்டரில் எழுத முடியாதே. ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது சரியாக இருக்கும் என்று அவரே ஒரு ஜூன் மாதத்தைப் போட்டுவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். அந்த மகராசன் ஒரு நிமிடம் யோசித்து நிஜ வயதைப் போட்டிருந்தால் இன்றைக்கு நான் புத்திசாலி.

என் வீட்டுக்காரர் பத்தாவது பாஸ். மூன்றாவது தடவையில், கணக்கில் கருணை மதிப்பெண் வாங்கி. அவர் பாஸ்போர்ட் எடுத்தால் முத்திரை இருக்காது. உலகத்தில் எந்த மூலைக்கும் தாராளமாகப் போகலாம், அவரை யாரும் ஏமாற்ற முடியாது என்று சர்க்காரே நம்புகிறது. போன வருடம் குழாய் ரிப்பேர் செய்துகொடுத்த ஐந்து வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் கூலி தராமல் அவரை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அலையவிட்டது சர்க்காருக்குத் தெரியாது. "பேசாம நான் போய்ட்டு வரட்டா?" என்று கேட்டார். "போய்?" என்றேன். யோசித்தார். "வெந்நி வைப்பேன்" என்றார்.

எல்லை தாண்டுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஜோலார்பேட்டை ரயில்தான். முன்பதிவில்லாத டிக்கெட் ஒன்று எடுத்தால் போதும். பங்காருப்பேட்டை வரைக்கும் கர்நாடகம், குப்பம் ஸ்டேஷனில் ஆந்திரா, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாறுவதைத் தவிர ஒன்றும் நடக்காது. வடை விற்கிறவன்கூட மாற மாட்டான், மூன்று மொழியிலும் அதே ஆறிப்போன வடையைத்தான் சூடு என்பான். கல்யாணம் முடிந்து, குத்துவிளக்கு ஒரு கையிலும் அண்டா ஒரு கையிலுமாக அந்த ரயிலில்தான் வந்து இறங்கினேன். மூன்று ராஜ்யத்தைத் தாண்டி ஒருத்தி தன் வாழ்க்கையையே வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறாளே, இவள் பத்தாவது தேறியவளா, இவளை யாராவது ஏமாற்றி அழைத்துப் போகிறார்களா என்று ஒரு டிக்கெட் பரிசோதகர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நியாயம். பெங்களூரில் சொந்த வீடு இருக்கிறது என்று சொல்லித்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். மாப்பிள்ளை விசிட் விசா அனுப்பினார், போகவும் வரவும் டிக்கெட் போட்டார். வேலைக்குப் போகாமல் சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு இந்த முத்திரை தடையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்தும் ஏர்போர்ட்டில் கேள்வி கேட்பார்கள் என்றார்கள். என் மாதிரி ஆளுக்கு அது போதாதா? தூக்கம் போயிற்று. அப்போதுதான் மாடி வீட்டுச் செல்வராஜ் அண்ணன் எனக்குப் பாடம் எடுக்க வந்தார். அவர் கே.ஜி.எஃப்.காரர். அப்பா அங்கே கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவர் குவைத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு இந்தத் தெருவில் யார் சூட்கேஸ் வாங்கினாலும் ஆலோசனை சொல்கிறவர்.

"இன்னா சொல்லப் போற, சொல்லு பாக்கலாம்" என்றார், தானே அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

"பொண்ணு பிரசவத்துக்குப் போறேன்னு."

"போச்சு. அங்கயே மடக்கிடுவான். பிரசவம்னா புள்ள பாத்துக்கறது. புள்ள பாத்துக்கறதுன்னா ஆயா வேலை. ஆயா வேலைன்னா எம்ப்ளாய்மென்ட். உன் பாஸ்போர்ட்டோ ஈ.சி.ஆர். முடிஞ்சுது கதை."

"என் பொண்ணுதானேண்ணே."

"உன் பொண்ணுன்னு உனக்குத் தெரியும். அவனுக்கு? டூரிஸ்ட்னு சொல்லும்மா. மஸ்கட்ல கடல் நல்லா இருக்குமாம், கடல் பாக்கப் போறேன்னு சொல்லு. எல்லாரும் அதான் சொல்றாங்க."

நான் நம்பினேன். ஏன் நம்பினேன் என்று இப்போது யோசித்தால் எரிச்சலாக வருகிறது. கவுன்ட்டர் என்று ஒன்று எதிரே வந்துவிட்டால், நம் மாதிரி ஆட்களுக்கு உண்மை என்பது அங்கே செல்லாத சரக்கு என்று ஓர் எண்ணம். ரேஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட அட்மிஷன், எங்கே போனாலும் முதலில் பக்கத்து வீட்டில் விசாரித்து, என்ன சொன்னால் வேலை நடக்கும் என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புவோம். நமக்கு நடந்தது என்ன என்று யோசித்துக்கொண்டு கிளம்பியதே கிடையாது. மகளுக்கு உடம்பு சரியில்லை, தாய் போகிறாள். இதைவிடச் சாதாரணமான உண்மை உலகத்தில் உண்டா? சாதாரணமாக இருந்ததால்தான் அதை மறைத்துவைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று "கடல் பாக்கப் போறேன்" என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். கடலை நான் கடைசியாகப் பார்த்தது ரேவதி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சென்னையில். பார்த்ததும் கைப்பிள்ளை மாதிரி அழுதேன், அலை அவளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று.

ஏர்போர்ட் வாசலோடு என் வீட்டுக்காரரை நிறுத்திவிட்டார்கள். உள்ளே நான் தனியாள். பெட்டியைக் கொடுத்தாயிற்று, எமிக்ரேஷன் வரிசையில் நின்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் இளவயசுக்காரர். பாஸ்போர்ட்டைப் புரட்டினார், முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எதற்குப் போகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். டூரிஸ்ட் என்றேன். என்ன பார்க்க என்றார். கடல் என்றேன்.

"சமுத்ர நோடோக்கே மஸ்கட் யாக்கே? மங்களூரு இல்வா?"

கடல் பார்க்க மஸ்கட் எதற்கு, மங்களூர் இல்லையா என்கிறார். ரொம்ப நியாயமான கேள்வி. இதற்குச் செல்வராஜ் அண்ணன் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. "அங்க... நீலமா இருக்கும்" என்றேன். அவர் என் பாஸ்போர்ட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஓர் ஓரமாகப் போட்டிருந்த நாற்காலிகளைக் காட்டி உட்காரச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். படித்தவர்கள் அதை நன்றாகச் செய்வார்கள்.

அந்த நாற்காலியில் ஏற்கனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆந்திராவில் மதனபள்ளிப் பக்கத்துக்காரி, என்னைவிடச் சின்னவள். மடியில் ஒரு புதுப் பையைக் கட்டிப் பிடித்திருந்தாள். பைக்கு இன்னும் விலைச்சீட்டு தொங்கியது. "நீவு ஏம் செப்பினாவக்கா?" என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள். என்ன சொன்னாய் என்று அர்த்தம்.

"கடல் பாக்கப் போறேன்னேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு தமிழுக்கு மாறி, "நானும் அதேதான்க்கா சொன்னேன்" என்றாள். அவளுக்கு அவள் ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தானாம். வீட்டு வேலைக்குத்தான் போகிறாள். அங்கே இறங்கியதும் ஒருவர் வந்து அழைத்துக்கொள்வார் என்று சொல்லியிருக்கிறார்களாம். யார் என்று தெரியாதாம். போன் நம்பர்கூட இல்லை, அவர்களே இவளைக் கண்டுபிடித்துக்கொள்வார்களாம். பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போல அவள் அதை அமைதியாகச் சொன்னாள். ஆக, அந்த இளவயசு அதிகாரி வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாரோ, முப்பது, நாற்பது வயதில், தனியாக, முத்திரையோடு, கடலைப் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பி வந்த பெண்களை. செல்வராஜ் அண்ணன் ஊரிலுள்ள எல்லா ஏஜென்ட்டும் சொல்லிக்கொடுக்கிற பொய்யை எனக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார்.

விமானத்துக்கு அழைக்க ஆரம்பித்தார்கள். ரேவதி போனில் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள். எடுக்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எடுத்தால் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்பார்களோ என்று பயந்து எடுக்காமல் இருந்தேன். எடுக்காததால் அவள் அங்கே எழுந்து நடமாடுவாளே, ரத்தம் பட்டுவிடுமே என்றும் பயந்தேன். கடைசியில் ஒரு பெண் அதிகாரி வந்தார். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். ஏஜென்ட் யார் என்று கன்னடத்தில் கேட்டார். ஏஜென்ட் இல்லை என்றேன். "எல்லாரூ ஹாகே ஹேள்த்தாரே" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று. பையைத் திறக்கச் சொன்னார்.

பெரிய பெட்டி வழியில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, எது முக்கியமோ அதையெல்லாம் கைப்பையில் வைத்திருந்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பிரசவ லேகியம், வசம்பு, சுக்கு, உரித்த பூண்டு, பழைய சேலைகளைக் கிழித்து மடித்த துணிகள், ஒரு குட்டித் தொப்பி. பையைத் திறந்ததும் வாசனை அந்த மேஜையைத் தாண்டிப் போனது. அந்த அம்மாள் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"பாணந்தனக்கா ஹோக்தா இதீரா?" என்றார்.

பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பத்தியம், குளியல், மருந்து, காவல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கன்னடத்தில் பாணந்தனம் என்று ஒரே வார்த்தை. அதற்கா போகிறாய் என்று கேட்கிறார். அதைக் கேட்டதும் எனக்குக் கடல் மறந்துபோயிற்று. நஞ்சுக்கொடி இறங்கியது, டாக்டர் சொன்னது, மாப்பிள்ளை இருட்டித்தான் வருவது, பாத்ரூம் போகப் பயப்படுவது, எல்லாவற்றையும் கன்னடமும் தமிழுமாகக் கொட்டினேன். அவர் என் போனை வாங்கி ரேவதியைக் கூப்பிட்டார். எத்தனையாவது வாரம் என்று கேட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதன்ன மொதலே ஹேளோதல்வா?"

இதை முதலிலேயே சொல்வதற்கென்ன. அவர் லேகியத்தை இன்னொரு தரம் முகர்ந்து பார்த்து, ஓமம் போட்டிருக்கிறாயா என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். "நம்ம அம்மா பெல்லா ஜாஸ்தி ஹாக்தித்ரு" என்றார். அவருடைய அம்மா வெல்லம் அதிகம் போடுவாராம். இளவயசுக்காரரிடம் ஏதோ சொன்னார். முத்திரை விழுந்தது. என்னைக் காப்பாற்றுவதற்கென்று சர்க்கார் ஏற்படுத்திய ஏற்பாடு எத்தனையோ காகிதம் பார்த்தும் என்னை நம்பவில்லை. பூண்டு வாசனையை நம்பியது. நல்ல வேளை, அந்த அம்மாளுக்கு ஜலதோஷம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். மதனபள்ளிக்காரி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் பையில் லேகியம் இருக்காது. அவளை அனுப்பாமல் நிறுத்துவதுதான் அவளுக்கு நல்லது என்று எனக்கும் தெரிந்தது, அந்த முத்திரை அவளைப் போன்றவர்களுக்காகத்தான் என்றும் தெரிந்தது. ஆனால் நிறுத்திய பிறகு அவளை எங்கே அனுப்புவார்கள்? பெங்களூரில் ராத்திரி தங்க அவளுக்கு இடம் உண்டா, ஊருக்குப் போனால் ஏஜென்ட் சும்மா விடுவானா, அவள் போகக் கிளம்பிய காரணம் வீட்டில் அப்படியே உட்கார்ந்திருக்குமே. இதற்கெல்லாம் எந்தப் பக்கத்திலும் முத்திரை அச்சடிக்கவில்லை. தடுப்பது மட்டும்தான் பாதுகாப்பு என்று யாரோ பத்தாவதுக்கு மேலே நிறையப் படித்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். போய்விட்டு வா என்பது மாதிரி. நான் ஓடினேன். நின்று ஒரு வார்த்தை பேசாமல் ஓடினேன், விமானம் போய்விடுமே.

அடுத்து செக்யூரிட்டியில் என் லேகியத்தை நிறுத்திவிட்டார்கள். களிம்பு மாதிரி இருப்பதை இவ்வளவு எடுத்துக்கொண்டு போகக் கூடாதாம். கெஞ்சினேன், நடக்கவில்லை. குப்பைக் கூடையில் தண்ணீர் பாட்டில்களோடு என் ஹார்லிக்ஸ் பாட்டிலும் விழுந்தது. பத்தாவது தேறாதவளை விட்டுவிட்டு, அவள் கிளறியதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மஸ்கட்டில் இறங்கியதும் இன்னும் பெரிய விசாரணை இருக்கும் என்று நடுங்கிக்கொண்டே போனேன். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் பாஸ்போர்ட்டை வாங்கி, கேமராவைப் பார்க்கச் சொல்லிக் கைகாட்டி, முத்திரை குத்தித் தந்துவிட்டார். அவ்வளவுதான். என் சொந்த நாட்டை விட்டு வெளியே வருவதற்குப் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட அன்னிய நாட்டுக்குள் நுழைவதற்கு இல்லை. நம்பாமல் அங்கேயே நின்றேன். அவர்தான் நகருங்கள் என்று கையை வீசினார்.

ரேவதி படுத்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அழாமல், "ஏம்மா போன எடுக்கல?" என்று சண்டைக்கு வந்தாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. இனி அவள் பயப்பட வேண்டியதில்லை, அந்த வேலைக்கு ஆள் வந்துவிட்டது. லேகியத்துக்கு என்ன செய்வது என்று புலம்பினேன். மாப்பிள்ளை கீழே இருந்த மலையாளிக் கடைக்குப் போய், சுக்கு, ஓமம், பூண்டு, கருப்பட்டி எல்லாம் ஒரே பையில் வாங்கி வந்து வைத்தார். வசம்புகூட இருந்தது. நான் சுமந்து வந்ததில் அந்தக் கடையில் இல்லாதது கிழித்த சேலைத் துணிகள் மட்டும்தான்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்த ராத்திரியைப் பற்றி எழுதத் தெம்பில்லை, அதை விட்டுவிடுகிறேன். ஒரு மாதம் ஆனதும் பாஸ்போர்ட் பேச்சு மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை குழந்தைக்கு. அதற்கும் பாஸ்போர்ட் இல்லாமல் அந்த நாட்டில் இருக்கவும் முடியாது, அங்கிருந்து வெளியே வரவும் முடியாது. ரேவதி விண்ணப்பத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறந்த ஊர் மஸ்கட். நிரந்தர முகவரி என்ற இடத்தில் சண்டை வந்தது. மாப்பிள்ளை வாணியம்பாடி என்றார். அங்கே யார் இருக்கிறார்கள், பூட்டின வீடும் எலியும்தானே என்று ரேவதி ஸ்ரீராம்புரத்தைப் போட்டாள். அது வாடகை வீடு. வீட்டு ஓனர் வருஷா வருஷம் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் பேத்தியின் நிரந்தரம் அவர் கையில் இருக்கிறது.

"அத்தை, ஒரு விஷயம் தெரியுமா?" என்று மாப்பிள்ளை சிரித்தார். "சின்னக் குழந்தைங்களுக்கு அந்த ஈ.சி.ஆர். கிடையாதாம். உங்க பேத்தி எங்க வேணா போகலாம், யாரும் செக் பண்ண மாட்டாங்க."

கழுத்து நிற்காத பிள்ளை. பால் குடித்தால் பாதியைக் கக்குகிற பிள்ளை. அதை யாரும் ஏமாற்ற முடியாதாம். இருக்கட்டும், அதன் காலத்திலாவது அப்படி இருக்கட்டும்.

போட்டோ எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், முகம் நேராகக் கேமராவைப் பார்க்க வேண்டும். கூடவே வேறு யாருடைய உடம்பும் படத்தில் தெரியவே கூடாது. படுக்கவைத்தால் முகம் சாய்கிறது, தூக்கினால் தூக்குகிறவர் தெரிகிறார். கடைசியில் ரேவதி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை என் மேல் தலையோடு போர்த்திவிட்டு, என் மடியில் குழந்தையை உட்காரவைத்தாள். விரிப்புக்கு அடியில் என் கையைக் கொண்டுபோய்க் குழந்தையின் பிடரியைத் தாங்கிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக வெளிச்சம் மட்டும்தான். அந்தச் சின்னத் தலையின் சூடும் கனமும் துணி வழியாகக் கையில் இறங்கியது. "அசையாதம்மா" என்றாள் ரேவதி. "மூச்சு விடலாமா?" என்று கேட்டேன். "கொஞ்சமா விடு" என்றாள்.

எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினார்கள். யார் துணையும் இல்லாமல், எந்த ஊரும் இல்லாத ஒரு வெள்ளை வெளியில், என் பேத்தி தானாகவே தலையை நிமிர்த்தி உலகத்தைப் பார்ப்பது போல இருந்தது. விரிப்பின் ஓரத்தில் மட்டும், என் முழங்கை இருந்த இடத்தில், லேசாக ஒரு மேடு தெரிந்தது. அது கேள்வி வரவழைக்கும் என்று சொல்லி, மாப்பிள்ளை அந்த ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டார்.